ஈரம் துடைத்த மீன்: பக்தாத் அடுக்களையிலிருந்து நம் தோசைக்கல் வரை



சென்ற பெருநாள் விடுமுறையில் எங்கள் இல்லத்தார் அனைவரும் ஓர் உணவகத்திற்குச் சென்றிருந்தோம். அங்கே பிள்ளைகள் கேட்டு வாங்கிய தட்டில் முள் நீக்கிய கொடுவா மீன் துண்டு ஒன்று இருந்தது. அதன் தோல் அப்பளம்போல் மொறுமொறுப்பாகவும், உட்சதை வெண்மையாகவும், ஈரம் குன்றாமலும் இருந்தது. நான்கு விரல் அகலமுள்ள அந்தத் துண்டின் விலைக்கு, எங்கள் ஊர் மீன்கடையில் குடும்பம் முழுவதற்கும் இரு வேளைக்கு மீன் வாங்கிவிடலாம். வீடு திரும்பும் வழியில் இளைய மகள், "நம் வீட்டு மீன் மட்டும் ஏன் இப்படி வருவதில்லை?" என்று கேட்டாள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் வீட்டில் மீன் பொரித்துப் பரிமாறி வரும் அவளுடைய உம்மம்மா, மறுமொழி கூறாமல் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மௌனம் எங்களை உறுத்தியது. அடுத்த வாரமே அதே மீனை வாங்கி வந்து, அதே முறையில் செய்ய முயன்றோம். தோல் முழுவதும் தோசைக்கல்லோடு ஒட்டிக்கொண்டது. சதை நான்காகப் பிளந்தது. அதன் பிறகே இந்தச் சமையல் எங்கிருந்து வந்தது, அதன் நுட்பம் எதில் அடங்கியிருக்கிறது எனத் தேடத் தொடங்கினோம். தேடல் எங்களைப் பிரெஞ்சுச் சமையற்கூடங்களுக்கு இட்டுச் செல்லும் என்று எண்ணியிருந்தோம். அது முதலில் அழைத்துச் சென்ற இடமோ ஹிஜாஸின் கடற்கரை.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் நிகழ்ந்ததாகச் சீரா நூலாசிரியர்கள் குறிப்பிடும் 'கபத்' படையெடுப்பை நம்மில் பலர் அறிவோம். அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் முந்நூறு தோழர்கள் கடற்கரை நோக்கி அனுப்பப்பட்டார்கள். கையிலிருந்த பேரீச்சம்பழம் குறைந்து, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பழம் என்றாகி, அதுவும் தீர்ந்தபோது மர இலைகளை உதிர்த்து நனைத்து உண்டார்கள். அந்த இலைகளின் பெயரே படைக்கும் பெயராயிற்று. அந்நிலையில் 'அன்பர்' எனப்படும் மாபெரும் கடல் உயிரினம் ஒன்று கரையில் ஒதுங்கிக் கிடப்பதைக் கண்டார்கள். அது அறுக்கப்படாமல் இறந்தது என்பதால் அபூ உபைதா (ரலி) அவர்கள் முதலில் தயங்கினார்கள். பின்னர் உண்ண அனுமதித்தார்கள். பல நாட்கள் அதை உண்டு உடல் தேறிய தோழர்கள், எஞ்சிய இறைச்சியைக் கீற்றுகளாக உலர்த்தி மதீனாவிற்கும் எடுத்துச் சென்றார்கள். செய்தியைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அது அல்லாஹ் வழங்கிய உணவு எனக் கூறி, தமக்கும் அதில் சிறிது கேட்டு உண்டார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது.

அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் கடல் வேட்டையையும் கடலுணவையும் நமக்கு ஆகுமாக்கியுள்ளது. இறால், நண்டு போன்றவற்றில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் மிகுந்திருப்பதால், இரு பகுதியினரும் சம்பந்தம் செய்துகொள்ளும்போது விருந்துப் பட்டியலில் இவ்வேறுபாடு தலைகாட்டுவதைக் கண்டிருக்கிறோம். மீன் ஆகுமானது என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டவர்கள். அறுப்பு வேண்டாத உணவு என்பதால் பயணத்திலும் அயலூரிலும் நம்மவர் முதலில் தேடுவது மீனையே.

பாலைவனத்துத் தோழர்கள் உலர்த்திச் சுமந்த கடலிறைச்சிக்கும் கலீஃபாவின் விருந்துத் தட்டுக்கும் இடையில் இரண்டு நூற்றாண்டுகூட இல்லை. கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் (ஆட்சிக்காலம் 786 முதல் 809 வரை) பற்றி, பத்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதி தம் 'முரூஜுத் தஹப்' நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். ஹாரூனின் சகோதரரான இப்ராஹீம் இப்னுல் மஹ்தி சமையற்கலையில் பெயர் பெற்றவர். அதைப் பற்றி நூலும் எழுதியவர். அவர் ஒருமுறை கலீஃபாவை விருந்துக்கு அழைத்தார். பரிமாறப்பட்டவற்றுள் மிகச் சிறிய துண்டுகளாக அமைந்த ஒரு மீன் உணவு இருந்தது. சமையற்காரர் ஏன் இவ்வளவு சிறிதாக நறுக்கினார் என்று கலீஃபா வினவ, அவை துண்டுகள் அல்ல, மீன்களின் நாக்குகள் என்று விடை வந்தது. செலவு எவ்வளவு எனக் கேட்டபோது, ஆயிரம் திர்ஹமுக்கும் மேல் எனத் தெரிந்தது. ஹாரூன் கையை எடுத்துக்கொண்டார். ஆயிரம் திர்ஹம் கொண்டுவரச் செய்து, அவ்விரயத்திற்குப் பரிகாரமாக அதை ஏழைகளுக்கு வழங்க ஆணையிட்டார். உணவு இருந்த விலையுயர்ந்த பாத்திரத்தையும், முதலில் எதிர்ப்படும் யாசகருக்குக் கொடுத்துவிடுமாறு ஏவலரை அனுப்பினார்.

அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் உண்ணவும் பருகவும் அனுமதிப்பதுடன் சேர்த்தே வீண்விரயத்தைத் தடுத்திருப்பதை நாம் அறிவோம். நல்ல உணவு விலக்கப்படவில்லை. விலையே சுவையாகிவிடும் நிலைதான் கண்டிக்கப்பட்டது. எங்கள் பெருநாள் தட்டை நினைத்துப் பார்த்தோம். நாங்கள் எதற்கு விலை கொடுத்தோம்? மீனுக்கா, அல்லது வீட்டில் கைவராது என நாங்களே நம்பிவிட்ட ஒரு கைப்பழக்கத்திற்கா?

இக்கேள்விக்கு விடை தேட, இன்னும் நான்கு நூற்றாண்டுகள் கீழிறங்கிப் பக்தாதுக்கு வரவேண்டும். 1226ஆம் ஆண்டில் முஹம்மத் இப்னுல் ஹஸன் அல்பக்தாதி என்பவர் 'கிதாபுத் தபீஹ்' என்னும் சமையல் நூலைத் தொகுத்தார். மங்கோலியர் பக்தாதை அழித்த 1258ஆம் ஆண்டுக்கு 32 ஆண்டுகள் முற்பட்டது இந்நூல். இதன் கையெழுத்துப் படியொன்று இஸ்தான்பூலில் தப்பிக் கிடந்து, 1934இல் மோசுலில் அச்சேறியது. 1939இல் ஆர்பெர்ரி என்னும் கீழைமொழி அறிஞர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். சமைப்பவர் நகங்களை வெட்டித் தூய்மையாக இருக்கவேண்டும் என்றும், பாத்திரங்களில் கற்சட்டி முதன்மையானது, அடுத்தது மண்சட்டி, வேறு வழியில்லாதபோதே ஈயம் பூசிய செம்பு என்றும் அல்பக்தாதி எழுதுகிறார். கற்சட்டியில் ஆணம் காய்ச்சிய நம் பாட்டிமார் இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

அந்நூலில் சுட்ட மீனுக்கான குறிப்பு ஒன்று உண்டு. மீனைச் சுரண்டிப் பிளந்து, நன்றாகக் கழுவி, பின்னர் உலர்த்தவேண்டும் என்று அது தொடங்குகிறது. சுமாக், உலர்ந்த ஓமத்தழை போன்ற மூலிகை, பூண்டு, அக்ரோட்டு, கொத்தமல்லி, சீரகம், பட்டை ஆகியவற்றை எள்ளெண்ணெயில் குழைத்து உள்ளே திணித்து, பன்னீரில் அரைத்த குங்குமப்பூவும் எள்ளெண்ணெயும் மேலே பூசி, தணிந்த தீயில் சுட வேண்டும். பொரித்த மீனுக்கான குறிப்புகளிலும் எள்ளெண்ணெயே பயன்படுகிறது. அரபு நூல் 'ஷீரஜ்' என அழைக்கும் அந்த எண்ணெய், நம் வீட்டு நல்லெண்ணெயின் உடன்பிறப்பு.

கழுவியபின் உலர்த்து என்னும் அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் கேள்விக்கான விடை இருந்தது. அதை முதன்முறை படித்தபோது நாங்கள் கடந்து சென்றுவிட்டோம். அதன் பொருள் விளங்க, மேலும் சில நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

எண்ணெயில் பொரித்து, சூடாக இருக்கும்போதே காடியில் ஊறவைக்கும் மீன் முறையும் அரபு நூல்களில் உண்டு. பாரசீகத்திலிருந்து வந்த 'சிக்பாஜ்' என்னும் புளிப்பு உணவின் வழியில் அமைந்தது அது. உணவோடு தொட்டுக்கொள்ளக் காடி மட்டுமே வீட்டில் இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அதையே புகழ்ந்து உண்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அந்தக் காடியின் சுவையை முஸ்லிம்கள் மேற்கே அந்தலூஸ் வரை கொண்டு சென்றார்கள். ஸ்பானிய மொழியில் இன்றும் வழங்கும் 'எஸ்கபேச்சே' என்னும் மீன் உணவின் பெயர், சிக்பாஜின் திரிபு என்பது அறிஞர் கருத்து.

1492இல் கிரானடா வீழ்ந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்துக் காஸ்டில் அரசில் முஸ்லிம்கள் மதம் மாறவேண்டும் அல்லது வெளியேறவேண்டும் என ஆணை பிறந்தது. மறைவாக ஈமானைப் பேணிய மொரிஸ்கோக்களை வேவு பார்த்தவர்கள், அவர்களின் அடுக்களைகளையும் நோட்டமிட்டார்கள். பன்றிக் கொழுப்பைத் தவிர்த்து எண்ணெயில் சமைப்பதே ஐயத்திற்குரிய அடையாளமாகக் கொள்ளப்பட்டது. அதே ஐயத்திற்கு ஆளான ஸ்பானிய, போர்த்துக்கீசிய யூதர்களுள் ஒரு பகுதியினர் பின்னாளில் இலண்டனில் குடியேறினர்; எண்ணெயில் மீன் பொரிக்கும் பழக்கம் அவர்களோடு சென்றது. 1860களில் அங்கு கடையுணவாக வேரூன்றிய பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் அந்த மரபிலிருந்து வளர்ந்தவை. இன்று நாம் எண்ணெய் காய வைக்கும்போது எவருக்கும் அஞ்சவேண்டியதில்லை. ஒரு காலத்தில் அந்த எண்ணெயின் மணமே சாட்சியாக நின்று ஒரு குடும்பத்தைச் சிறைக்கு அனுப்பக்கூடியதாக இருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

இனி, உலர்த்துதலின் பொருளுக்கு வருவோம். 1847இல் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் உணவு வேதியியல் பற்றிய தம் நூலில், கடும் வெப்பத்தில் இறைச்சியின் மேற்பரப்பை இறுகச் செய்தால் உள்ளிருக்கும் சாறு பூட்டப்பட்டுவிடும் என்று கருதினார். ஐரோப்பியச் சமையற்காரர்கள் அதை ஏற்றார்கள். பெரும் உணவகங்களின் முறையும் அதன் மீதே எழுந்தது. சாறு பூட்டப்படுவதில்லை என்பது பின்னர் சோதனைகளில் தெளிவாயிற்று. மொறுமொறுப்பான மேற்பரப்பின் வழியாகவும் நீர் வெளியேறிக்கொண்டேயிருக்கிறது. கல்லில் எழும் 'சுர்' ஒலியே அதற்குச் சான்று. கடும் வெப்பம் தருவது சுவையை. 1912இல் பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மையார், புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வெப்பத்தில் இணைந்து பழுப்பு நிறம் பெறுவதை விளக்கினார். ரொட்டியின் மேலோடும், வறுத்த காப்பிக்கொட்டையும், பொரித்த மீனின் மணமும் இந்த வினையால் விளைபவை.

இவ்வினை விரைந்து நடக்க ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஈரமான பரப்போ 100 பாகையைத் தாண்டாது. நீர் முழுவதும் ஆவியாகும் வரை அங்கேயே நின்றுவிடும். ஒரு கிராம் நீரைப் பனிநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் அதை ஆவியாக்கச் செலவாகிறது. ஆகவே ஈர மீனைக் கல்லில் இட்டால், கல்லின் சூடெல்லாம் நீரை விரட்டுவதிலேயே கழிந்து, மீன் பொரிவதற்குப் பதில் அவிகிறது. மீனின் சதையோ மிக மென்மையானது. 50 முதல் 60 பாகைக்குள் வெந்துவிடும். மேலே 140க்கு மேல், உள்ளே 60க்குள் என ஒரே துண்டில் இரு வெப்பநிலைகளை நிறுத்துவதே உணவகத்தார் செய்யும் வேலை. அதற்கு அவர்கள் கொள்ளும் முதற்படி, அல்பக்தாதி எழுதியதுதான்: கழுவியபின் உலர்த்துவது.

ஈரம் நீக்கிய மீனின் அருமையை நம் கடலோரமும் நெடுங்காலமாக அறியும். 1343இல் மாலத்தீவு சென்று அங்கே காழியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, அத்தீவினர் மீனை நான்காகப் பிளந்து, சிறிது வேகவைத்து, ஓலைக்கூடைகளில் இட்டுப் புகையில் தொங்கவிட்டு நன்கு உலர்ந்தபின் உண்பதையும், அது இந்தியாவிற்கும் சீனத்திற்கும் யமனுக்கும் ஏற்றுமதியானதையும் எழுதியிருக்கிறார். அதுவே நாம் சம்பலில் இடித்துச் சேர்க்கும் மாசி. மறு ஆண்டு அவர் மஅபர் என்று அரபியர் அழைத்த நம் தமிழ்க்கரைக்கும் வந்து சேர்ந்தார்.

இவ்வளவையும் படித்து முடித்தபின், மீண்டும் ஒரு வெள்ளிக்கிழமை முயன்றோம். இம்முறை எங்களுக்குக் கைகூடிய வழியை இங்கே தருகிறோம்.

தோலுடன் முள் நீக்கிய கொடுவா, சங்கரா அல்லது பாறை மீன் துண்டுகள் ஏற்றவை. வஞ்சிரம் (இராமநாதபுரக் கரையில் சீலா) வட்டத் துண்டுகளாகவே கிடைத்தாலும் குறையில்லை. செதிலைக் கடைக்காரரிடமே முற்றாக நீக்கச் சொல்லுங்கள். கழுவியபின் தூய பருத்தித் துணியால் இருபுறமும் ஒற்றி எடுங்கள். உப்புத் தூவி இருபது நிமிடம் வையுங்கள். உப்பு உள்ளிருந்து நீரை இழுத்து மேலே முத்துமுத்தாக நிறுத்தும். அதை மறுபடியும் ஒற்றி எடுங்கள். இந்த இரண்டாம் துடைப்பையே நாங்கள் முதன்முறை விட்டுவிட்டிருந்தோம்.

பழகிய இரும்புத் தோசைக்கல்லை மிதமான தீயில் சில நிமிடம் காயவிடுங்கள். ஒரு சொட்டு நீர் விட்டால் அது மணிபோல் உருண்டோட வேண்டும். நீர் முற்றும் வற்றியபின் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, மீனைத் தோல் கீழாக, நம்மை விட்டு அப்பால் சாயும்படி மெல்ல இடுங்கள். தோல் சூட்டில் சுருங்கி வளையும். தோசைத் திருப்பியால் பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடித்தால் சமமாகும். பிறகு மூன்று நான்கு நிமிடம் தொடாதீர்கள். மீனின் புரதம் முதலில் சூடான இரும்போடு ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். மேலோடு உருவானதும் தானே விட்டுவிடும். திருப்பி நுழையவில்லையெனில் இன்னும் வேளை வரவில்லை என்று பொருள். சதையின் முக்கால் பங்கு வெளுத்ததும் புரட்டி, ஒரு நிமிடத்தில் இறக்கிவிடலாம்.

மசாலாவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நம் வழக்கமான மீன் பொரியலில் அரைத்த மசாலா ஈரத்தோடு பூசப்படுகிறது. அங்கே மொறுமொறுப்பாவது மசாலாவின் மேலோடு. அது வேறொரு கலை, குறைந்த கலை அன்று. தோல் மொறுமொறுக்க வேண்டுமெனில், மிளகுத்தூளும் சீரகத்தூளும் சதைப் பக்கத்தில் மட்டும் உலர்வாகத் தூவி, இறக்கும்போது நசுக்கிய பூண்டும் ஒரு துண்டு வெண்ணெயும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்தால் போதும். எலுமிச்சையை முன்னரே பிழிந்தால் துடைத்த ஈரம் திரும்பிவிடும்.

வெளியூர் உணவகங்களில் மீன் என்றாலே ஐயமில்லை என்று எண்ணும் நம் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஐரோப்பிய முறைச் சமையலில் மீன் பொரித்த சட்டியில் வெண்திராட்சை மதுவை ஊற்றிக் குழைத்துச் சாறு செய்வது வழக்கம். மீன் ஆகுமானது, அதன் மேல் ஊற்றப்படுவது ஆகுமானதா என்று கேட்டறிந்து உண்பதே பேணுதல். புளிப்புக்கு நமக்குக் காடியும் எலுமிச்சையும் புளியும் உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை, நாங்கள் மீனை இட்டுவிட்டுத் திருப்பியைக் கையில் எடுத்தபோது, பின்னால் நின்ற உம்மம்மா, "அவசரப்படாதீங்க, அதுவா விடும்" என்றார்கள். எந்த நூலையும் படிக்காமல் அவர்கள் அதை அறிந்திருந்தார்கள். மீன் கழுவிய கையோடு ஓலைத்தட்டில் பரப்பி, சுளகால் விசிறி, காற்றாட வைத்தபின்பே தம் உம்மா மசாலா தடவுவார்கள் என்பதையும் அன்றுதான் சொன்னார்கள். நாங்கள் இதுவரை கேட்டதில்லை. அவர்களும் சொல்லவேண்டியிருக்கும் என்று நினைத்ததில்லை.

சோற்றையும் மீனையும் ஒரே சஹனில் இட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுற்றி அமர்ந்தோம். இளைய மகள் தோலை முதலில் கடித்துவிட்டு, இரண்டாவது துண்டை உம்மம்மாவின் பக்கம் நகர்த்தி வைத்தாள். அல்ஹம்துலில்லாஹ்.